மார்கழி முதல் நாளில் வந்த வெள்ளம்... ஸ்ரீவைகுண்டம் புதுக்கோட்டைக்குச் சொல்வது என்ன?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. மார்கழி பிறந்துவிட்டால் பனியும் கோலமும்தான். மழைக்காலம் முடிந்தது என்று குடையை எடுத்து உள்ளே வைப்பது நம் ஊர்ப் பழக்கம். 2023-ல் அந்தக் கணக்கு தப்பியது. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. அன்றுதான் தாமிரபரணி கரை தாண்டியது.

ஒரே நாளில் ஒரு வருட மழை!

தூத்துக்குடி மாவட்டத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர் ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் ஒன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ, திருச்செந்தூரில் 69 செ.மீ, காயல்பட்டினத்தில் 95 செ.மீ மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருடம் முழுவதும் பெய்கிற சராசரி மழையே 70 செ.மீட்டருக்குள்தான். காயல்பட்டினத்தில் அதைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது.

இத்தனைக்கும் அது பெயர் வைக்கப்பட்ட புயல்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சிதான். 'புயல் இல்லையே, சாதாரண மழைதானே' என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மலையில் பெய்த மழை, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் உபரிநீர், அணைகளுக்குக் கீழே சமவெளியில் பெய்த மழை, உடைந்த குளங்களின் தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர, ஆற்றில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியென்றால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் சுமார் 235, ஒவ்வொரு நொடியும் உங்கள் வீட்டைக் கடந்து போவதாக நினைத்துப் பாருங்கள்!

தீவான ரயில் நிலையம்

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். சுமார் 300 பேர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட, அதற்குள் சாலையும் துண்டானது. மீதிப் பேர் ரயில் நிலையத்திலேயே சிக்கினார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை.

ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது டிசம்பர் 19-ம் தேதிதான். அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி கிராம மக்கள். தங்கள் ஊரே வெள்ளத்தில் தவித்தபோதும் கோயிலில் இருந்த அரிசியையும் வீட்டில் இருந்த பொருள்களையும் கொண்டு சமைத்துக் கொடுத்தார்கள். 19-ம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

டிசம்பர் 23-ம் தேதி வைகுண்ட ஏகாதசி. நவதிருப்பதி ஊர்கள் திருவிழாக் கோலம் காணும் அந்த வாரத்தில், ஆற்றங்கரை வீடுகளில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாமே மழைக்கு மட்டும் ஓடுகிறவை. வருடத்தில் பெரும்பாலான நாள்கள் மணலும் கருவேலமும்தான் கண்ணில் படும். அதனாலேயே ஆற்றை நாம் ஆறாகப் பார்ப்பதில்லை. ஆனால், தண்ணீர் தன் பழைய தடத்தை மறப்பதில்லை. பெருமழை பெய்தால் முதலில் அங்கேதான் வரும்.

இன்னொரு விஷயம், கண்மாய்கள். நம் மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மேலே உள்ள கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் தண்ணீர் போகும். இது நம் முன்னோர் போட்ட கணக்கு. நடுவில் வரத்துவாரி அடைபட்டாலோ, கலிங்கைத் தாண்டித் தண்ணீர் ஏறினாலோ கரை உடையும். மேல் கரை உடைந்தால், அந்தத் தண்ணீரின் வேகத்தைக் கீழ்க் கண்மாய் தாங்காது. 2023-ல் தூத்துக்குடி நகரைத் தண்ணீர் சூழ்ந்ததற்கு, கோரம்பள்ளம் குளம் உடைந்ததும் ஒரு காரணம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தபோது, காற்று என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டோம். தண்ணீர் என்ன செய்யும் என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டத்தைப் பார்த்தாலே போதும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

* உங்கள் ஊர்க் கண்மாயின் கலிங்கு எங்கே, தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடைப்பு இருந்தால் கிராம சபையில் பேசுங்கள்.
* ரேஷன் கார்டு, ஆதார், நிலப் பத்திரம், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். செல்போனில் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.
* பவர் பேங்க், டார்ச், மூன்று நாளைக்கான மாத்திரைகள், குழந்தைக்குப் பால் பவுடர் தயாராக இருக்கட்டும்.
* தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் பைக்கில் கடக்க வேண்டாம். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துவிட்டதா என்று மேலிருந்து தெரியாது.
* இரவில் கனமழை எச்சரிக்கை இருந்தால் ஆடு மாடுகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோங்கள். கட்டிப்போட்ட மாடு தப்பிக்க முடியாது.
* மாவட்ட அவசர உதவிக்கு 1077, மாநில கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த இரண்டு எண்களையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் வதந்தியைவிட வானிலை மையத்தின் அறிவிப்பை நம்புங்கள். 'ரெட் அலர்ட்' என்று வந்தால், வெளியே வெயில் அடித்தாலும் அன்று ஆற்றோரம் தங்காதீர்கள். காலண்டரில் மார்கழி என்று இருந்தாலும்தான்!