வயிற்றுப்புண் காரத்தால் வருவதில்லை



எங்கள் ஊரப்பாக்கம் பகுதியில் விடியுமுன் மின்சார ரயிலுக்கும் மறைமலைநகர் ஷிப்டுக்கும் ஓடுகிறவர்கள் அநேகர். நெஞ்சுக்குழியில் எரிச்சல் வந்தால், "காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு ஜெலுசிலோடு விட்டுவிடுகிறார்கள். எரிச்சல் அடங்கும், புண் ஆறிவிட்டதென்று அர்த்தமில்லை.

மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு இது பழைய நோய். 1922-ல் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுவிலிருந்த டாக்டர் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். காத்திருந்த நோயாளிகளோ ஏராளம், அறுவை மருத்துவரோ ஒருவரே. பின்னர் அவர் அங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். குடற்புண்ணுக்கு இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார். அந்நாளில் அதுவே வழி.

1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அதைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று பெரும்பாலோருக்குக் கத்தி தேவையில்லை. கிருமி இருந்தால், டாக்டர் தரும் மாத்திரைகளைப் பொதுவாக 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வலி நின்றதும் பாதியில் நிறுத்தினால் கிருமி மிஞ்சும்.

இன்னொரு காரணம் மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபினாக், புரூஃபன் போன்றவற்றைச் சீட்டில்லாமல் வாங்கித் தினமும் விழுங்கும் பெரியவர்கள் உங்கள் சபையிலும் இருப்பார்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ அன்றே அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.