எஃப்.ஐ.ஆர். எண் எங்கே?

ஒவ்வோர் ஆண்டின் கணக்கையும் பெங்களூரு மாநகரக் காவல்துறை வெளியிடும்போது நாளிதழ்களில் அட்டவணைகள் வரும்: கொலை இத்தனை, கொள்ளை இத்தனை, சைபர் மோசடி இத்தனை. அந்த அட்டவணையில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். போடப்பட்ட வழக்குகள் மட்டும்தான். சிவாஜிநகரிலோ ஸ்ரீராம்புரத்திலோ கைப்பேசியைப் பறிகொடுத்து, ஸ்டேஷனில் வாயால் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் அதில் இல்லை. குற்றமே நடக்காத தெருவாக அவர் தெரு காகிதத்தில் நிற்கும். கூடுதல் ஆளும் ரோந்தும் வேண்டும் என்று கேட்க அந்த வட்டார இன்ஸ்பெக்டரிடமே ஆதாரம் இருக்காது.

உதவி கேட்டு வருபவர்களிடம் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கேட்டால், பெரும்பாலும் வேறொரு காகிதத்தை நீட்டுகிறார்கள். அதில் முதலிடம் இ-லாஸ்ட் ரசீதுக்கு. தொலைந்த ஆவணங்களுக்கும் பொருள்களுக்கும் காவல்துறையின் செயலியிலேயே எடுத்துக்கொள்ளும் ரசீது அது. புது சிம் வாங்க உதவும். ஆனால் ஒரு பொருள் தானாகத் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அங்கே குற்றவாளி இல்லை, குற்றமில்லாத இடத்தில் புலன்விசாரணையும் இல்லை. பைக்கில் வந்தவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதை "தொலைந்தது" என்று ஏன் எழுதுகிறீர்கள்? "அதைப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்" என்பதுதான் வழக்கமான பதில். சீக்கிரம் முடிவது அவர்கள் வேலை. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை. பறித்தார்கள் என்றே எழுதுங்கள். இடம், நேரம், வண்டியின் நிறம், ஐஎம்இஐ எண் எல்லாம் அதில் வரவேண்டும். போலீசில் கொடுத்த புகாரின் நகலை வைத்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் கைப்பேசியை முடக்கிவிடுங்கள்.

அடுத்தது, மனு பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு. அதில் ஒரு எண் இருக்கும், சீல் இருக்கும். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடைசியில் கையில் கிடைப்பது "இது சிவில் விவகாரம், நீதிமன்றத்தை அணுகவும்" என்ற எண்டார்ஸ்மென்ட். மனு எண் வேறு, பிடியாணையின்றிக் கைதுசெய்ய முடியாத குற்றங்களுக்கான என்.சி.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. எஃப்.ஐ.ஆரில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். அவை இல்லையென்றால் வழக்கு இல்லை.

பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்ததைப் புகார் காட்டினால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இன்னும் தெளிவு. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். "இது எங்கள் லிமிட் இல்லை" என்று அல்சூருக்கும் கே.ஆர்.புரத்துக்கும் அலையவிடுவது சட்டவிரோதம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லி அவர்கள் எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எஃப்.ஐ.ஆரின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இங்கே ரைட்டர் எழுதுவது கன்னடத்தில். கன்னடம் படிக்கத் தெரியாத தமிழர்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். ஒவ்வொரு வரியும் புரிந்த பிறகு கையெழுத்திடுங்கள்.

இனி பணமோசடி. இங்கே வரிசையே வேறு. முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன், பிறகுதான் ஸ்டேஷன். போன பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம் வழியாக வெளியேற அதிக நேரம் எடுக்காது. அதற்குள் வங்கி முடக்கினால்தான் உண்டு. மகனிடம் சொல்லி, மைத்துனரைக் கேட்டு, மறுநாள் காலை வங்கி திறக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் பணத்தைத் தாங்களே வழியனுப்பி வைக்கிறார்கள். பரிவர்த்தனையின் யுடிஆர் எண், தொகை, நேரம், உங்கள் கணக்கு எண் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆனால் 1930-ல் சொன்னதாலேயே எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். அந்த ஒப்புகை எண்ணோடு பக்கத்து ஸ்டேஷனுக்கோ உங்கள் மண்டலத்து சி.இ.என். (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்ற) காவல் நிலையத்துக்கோ போய் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்ல வேண்டும். முடக்கிய பணத்தை நீதிமன்ற உத்தரவு மூலம் திரும்பப் பெறுவதற்கும் அந்த எஃப்.ஐ.ஆர். எண்தான் துணை.

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒரு கைது இந்திய நாட்டில் எந்தச் சட்டத்திலும் இல்லை. வீடியோ காலில் யூனிஃபார்ம் தெரிந்தால் இணைப்பைத் துண்டியுங்கள், 1930-ஐ அழையுங்கள்.

2023-ல் பெங்களூருவில் பதிவான சைபர் வழக்குகள் மட்டும் 17,000-க்கு மேல். நாட்டின் பெருநகரங்களில் அதுவே அதிகம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்கக் கூடாது. பந்தோபஸ்து, நீதிமன்றம், விஐபி வருகை என்று ஓடும் அதே இன்ஸ்பெக்டரின் மேசையில்தான் இவை குவிகின்றன. இதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே, அதற்கேற்ற ஆள்பலம் தராமல் இருப்பது அரசின் தவறு. ஆனால் ஆள் பற்றாக்குறை என்பது எஃப்.ஐ.ஆர். போடாததற்குச் சட்டம் ஒப்பும் காரணம் இல்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-வது பிரிவு சொல்கிறது. எழுதிக் கேளுங்கள்.

நேரில் கேட்பதற்கு மாதத்தின் நான்காவது சனிக்கிழமை நடக்கும் ஜன சம்பர்க்க திவசம் இருக்கிறது. உயர் அதிகாரிகள் பொதுமக்களைச் சந்திக்கும் கூட்டம் அது. குடியிருப்போர் சங்கத்தினர் பார்க்கிங்கையும் தெருவிளக்கையும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பதிவாகாத புகாரோடு அலைபவருக்கு அப்படியொரு கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. மனுவின் நகலை எடுத்துக்கொண்டு போய் அதிகாரியிடம் நேரடியாகக் கொடுங்கள், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். முதியவர்களுக்கு 1090 இருக்கிறது. நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் மாநகரக் காவல்துறையும் 2002 முதல் சேர்ந்து நடத்திவரும் உதவி எண் அது. வீட்டில் நடக்கும் கொடுமை, சொத்துக்காக மிரட்டல், ஏமாற்று எதுவானாலும் அங்கே சொல்லலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டேஷனில் மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மண்டல டிசிபிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 173-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு காட்டும் வழி இது. நேரில் கொடுத்தாலும் தபாலிலும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். தபால் ரசீதையும் பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். 175-வது பிரிவின்படி, மனுவோடு பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். டிசிபிக்கு அனுப்பியதற்குச் சான்று இல்லாத மனு அங்கே நிற்காது. அந்த ரசீதைத்தான் பலர் கசக்கி எறிந்துவிட்டு வருகிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு அந்த உதவி வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும்.