கோல்ப் கிளப் போட்டியில் கள்ளக் கணக்கு! பிடிப்பது எப்படி?

கோல்ப் ஆட்டத்தில் அம்பயர் கிடையாது. விசில் ஊத ஆள் கிடையாது. அடித்தவரே கணக்கு சொல்ல வேண்டும். கூட ஆடுகிறவர் அதை எழுத வேண்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் கோப்பை!

அப்படிப்பட்ட ஆட்டத்தில் 72 மெம்பர்களை ஒரே நாளில் இறக்கி விட்டு, தகராறு இல்லாமல் பரிசு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது லேசான வேலையா? கிளப் செயலாளருக்கும் கமிட்டிக்கும் அன்றைக்கு உயிர் போய் உயிர் வரும். விருந்து, மேடை, மாலை, மைக் எல்லாம் அப்புறம். முதலில் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்தால் பிரியாணி போட்டாலும் மெம்பர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் போவார்கள்.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் புதிது அல்ல. கல்கத்தாவில் 1829-ம் ஆண்டே கோல்ப் கிளப் வந்து விட்டது. பிரிட்டனுக்கு வெளியே தோன்றிய முதல் கோல்ப் கிளப் அதுதான்.

சென்னையில் நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டித்தான் பஸ்சில் ஆபீசுக்குப் போகிறார்கள். கிண்டி ரேஸ் மைதானத்துக்கு உள்ளேயும் ஜிம்கானா கிளப் மெம்பர்கள் பல ஆண்டுகளாக கோல்ப் ஆடி வந்தார்கள். ரேஸ் கிளப்பிடம் குத்தகையில் இருந்த அந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பர் 9-ந்தேதி அரசு எடுத்துக்கொண்டது. விவகாரம் கோர்ட்டு வரை போனது.

உள்ளே போட்டி நடத்துகிறவர்கள் படும் பாடு வெளியே தெரியாது.

துப்பாக்கி வெடித்தது!

முதல் தலைவலி நேரம்.

ஒரு மைதானத்தில் 18 குழிகள். நாலு நாலு பேராக ஆடுவது வழக்கம். 72 பேர் என்றால் 18 கோஷ்டி. எல்லோரும் முதல் குழியில் இருந்தே கிளம்பினால் ஒரு கோஷ்டிக்கும் அடுத்த கோஷ்டிக்கும் 10 நிமிட இடைவெளி விட வேண்டும். முதல் கோஷ்டி காலை 6 மணிக்குக் கிளம்பினால் கடைசி கோஷ்டி கிளம்பும்போது மணி 8-50. ஆடி முடிக்க நாலரை மணி நேரம். ஆக, கடைசி ஆள் வந்து சேரும்போது மணி பகல் 1-20! முதலில் முடித்தவர் பத்தரை மணிக்கே வந்து உட்கார்ந்து, பசி எடுத்து, சலித்துப்போய் வீட்டுக்கே போயிருப்பார். பரிசளிப்பு விழாவில் பாதி நாற்காலி காலி!

இதற்கு வழி கண்டுபிடித்தது அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் வாலா வாலா என்ற ஊர். 1956-ம் ஆண்டு அங்கே கிளப்பில் 18 குழிகளுக்கும் 18 கோஷ்டிகளை அனுப்பி நிறுத்தினார்கள். பயிற்சியாளர் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து "டுமீல்" என்று சுட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் முடித்தார்கள். "ஷாட்கன் ஸ்டார்ட்" என்று அதற்குப் பெயர் வந்தது. இப்போது துப்பாக்கி வேண்டாம். சங்கோ ஊதலோ போதும்.

இந்த முறையில் 6 மணிக்குத் தொடங்கினால் பத்தரை, பதினோரு மணிக்குள் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருப்பார்கள். சென்னை வெயிலுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் ஒன்று. எந்தக் கோஷ்டி எந்தக் குழியில் நிற்க வேண்டும் என்ற பட்டியலை முதல் நாளே ஒட்டி விட வேண்டும். இல்லாவிட்டால் காலை இருட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் அலைய வேண்டியதுதான்.

ரேஸ் குதிரைக்கு எடை மாதிரி

அடுத்தது பெரிய தலைவலி. இதில்தான் கள்ளக் கணக்கு புகுகிறது.

ரேஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலமான குதிரைக்கு எடையைக் கூட்டுவார்கள். சோனி குதிரைக்கு எடையைக் குறைப்பார்கள். அப்போதுதான் போட்டி சமமாக இருக்கும். அதற்கு ஹேண்டிகேப் என்று பெயர். கோல்பிலும் அதே பெயர்தான், அதே நியாயம்தான். சுமாராக ஆடுகிறவருக்கு இத்தனை அடி சலுகை என்று கொடுப்பார்கள்.

ஒருவர் 80 அடியில் முடிக்கிறார். அவருக்கு சலுகை 8. மிச்சம் 72. இன்னொருவர் 92 அடியில் முடிக்கிறார். அவருக்கு சலுகை 20. அவருக்கும் மிச்சம் 72. இருவரும் சமம். 70 வயது தாத்தாவும் 25 வயது வாலிபரும் ஒரே கோப்பைக்கு மோதலாம். கிளப் போட்டியின் ருசியே அதில்தான் இருக்கிறது.

இப்போது மோசடியைப் பாருங்கள். ஒருவரின் உண்மையான சலுகை 12 அடிதான். ஆனால் அவர் ஆண்டு முழுக்க நன்றாக ஆடிய கார்டுகளைக் கொடுப்பதே இல்லை. மோசமாக ஆடிய கார்டுகளை மட்டும் தவறாமல் கொடுக்கிறார். சலுகை ஏறி 20 ஆகிறது. பெரிய போட்டி அன்று தன் உண்மையான ஆட்டத்தைக் காட்டுகிறார். 84 அடி! அதில் 20 கழித்தால் 64. எல்லோரையும் 8 அடியில் அடித்து விட்டார். கோப்பை அவருக்கு. நேர்மையாக ஆடிய 71 பேருக்கு நாமம்!

இதைப் பிடிக்க வழி உண்டா? உண்டு. 2020-ம் ஆண்டு முதல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. கடைசி 20 ஆட்டங்களை எடுப்பார்கள். அவற்றில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரிதான் கணக்கு. மோசமான கார்டுகளைக் கொட்டிப் பயன் இல்லை. திடீரென்று ஒருவர் தன் சலுகைக் கணக்கை விட 7 எண் சிறப்பாக ஆடினால் சலுகையில் 1 வெட்டு. 10 எண்ணோ அதற்கு மேலோ போனால் 2 வெட்டு.

ஆனாலும் எந்திரம் பாதிதான் செய்யும். மீதி, கமிட்டியின் கண்ணில் இருக்கிறது. கேள்வியைப் போட்டிக்கு முன்பே கேட்க வேண்டும். கோப்பையைக் கையில் கொடுத்த பிறகு கேட்டால் சண்டைதான்!

விருந்தாளி வந்தால்?

மெம்பர் ஒரு நண்பரைக் கூட்டி வருகிறார். அவருக்கு ஹேண்டிகேப்பே கிடையாது. அவர் சொல்வதை நம்புவதா?

அதற்கு ஒரு ரகசிய முறை இருக்கிறது. 18 குழிகளில் 6 குழிகளைக் கமிட்டி தேர்ந்தெடுத்து, உறையில் போட்டு ஒட்டி வைத்து விடும். யாருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் உறையைப் பிரிப்பார்கள். அந்த 6 குழிகளில் விருந்தாளி எத்தனை அடி கூடுதலாக அடித்தார் என்று பார்ப்பார்கள். 10 அடி என்றால் அதை மூன்றால் பெருக்கினால் 30. அதில் 80 சதவிகிதம் 24. அதுதான் அன்றைய சலுகை. எந்தக் குழி என்று தெரியாததால் யாரும் வேண்டுமென்றே கோட்டை விட முடியாது.

டாக்டர் தந்த மருந்து

புதிதாக ஆடுகிறவர் ஒரு குழியில் 12 அடி அடித்து விட்டால் மனம் உடைந்து விடும். இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் நிஜமாகவே ஒரு டாக்டர். பிராங்க் ஸ்டேபிள்போர்டு என்று பெயர். 1932-ம் ஆண்டு இங்கிலாந்தில் வாலசி கிளப்பில் அவர் முறைப்படி போட்டி நடந்தது.

அடியை எண்ணாதே, பாயிண்டை எண்ணு என்பது அவர் முறை. சலுகை போக, விதித்த அடியில் முடித்தால் 2 பாயிண்ட். ஒன்று கூடினால் 1. அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் பூஜ்யம். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடையைக் கட்டலாம். பின்னால் வரும் கோஷ்டியும் காத்துக் கிடக்க வேண்டாம்.

தன் சலுகைக்கு ஏற்றபடி ஆடுகிறவர் 36 பாயிண்ட் எடுப்பார். ஒருவர் 44, 45 என்று கொண்டு வந்தால் செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய கார்டுகளை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கையெழுத்தில் போன பட்டம்

கார்டில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குழியாகப் பார்க்க வேண்டும். பார்க்காதவர் கதி என்ன?

1968-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி. அமெரிக்காவில் அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். அர்ஜென்டினா வீரர் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-வது பிறந்த நாள். 17-வது குழியை 3 அடியில் முடித்தார். கூட ஆடியவர் கார்டில் தவறுதலாக 4 என்று எழுதி விட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். 65 என்று இருக்க வேண்டியது 66 ஆனது. சமநிலையில் நின்று மறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர் தோற்றுப்போனார். பட்டம் பாப் கோல்பிக்குப் போனது.

கூட எழுதினால் அந்தக் கூடுதல்தான் கணக்கு. குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆளே அவுட். இதுதான் சட்டம். அதனால் கிளப் போட்டியில் கார்டு வாங்க ஒரு தனி மேஜை, ஒரு நாற்காலி, நிதானமான ஒரு ஆள் வேண்டும். பார் கவுண்டரில் வைத்துக் கார்டு வாங்கக் கூடாது.

பரிசிலும் விதி உண்டு. ஹேண்டிகேப் போட்டியில் அமெச்சூர்களுக்கு ரொக்கமாகப் பரிசு கொடுக்கக் கூடாது. பொருளாகக் கொடுத்தாலும் 700 பவுன் மதிப்பு வரைதான். 2022-ல் வந்த விதி இது. ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டவருக்கு மட்டும் விலக்கு. அதற்குக் காரே பரிசு வைக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். ஆனால் சாட்சி கேட்கும்! அந்தக் குழியில் காலையில் இருந்து ஒரு ஆளை நிறுத்தி வைக்காவிட்டால் கார் வராது. வம்புதான் வரும்.

மரத்தடி எமன்

கணக்கு தவறினால் கோப்பை போகும். இதில் தவறினால் உயிர் போகும். மின்னல்!

வெட்ட வெளி. கையில் இரும்புக் கம்பி. 1975 ஜூன் 27-ந்தேதி சிகாகோ அருகே நடந்த போட்டியில் லீ டிரெவினோ உட்பட 3 வீரர்கள் மின்னல் தாக்கிக் காயம் அடைந்தார்கள். 1991-ம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டே மாத இடைவெளியில் இரண்டு பெரிய போட்டிகளில் மின்னல் விழுந்து தலா ஒரு ரசிகர் இறந்தார். முதல் சம்பவத்தில் ரசிகர்கள் மழைக்கு ஒதுங்கியது மரத்தடியில்!

அதனால் சங்கு மொழியை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நீளமாக ஒரு சங்கு என்றால் அந்த நிமிடமே ஆட்டம் நிற்க வேண்டும். மூன்று சங்கு என்றால் கையில் உள்ள குழியை முடித்து விட்டு நிறுத்தலாம். இரண்டு சிறு சங்கு என்றால் மறுபடி ஆடலாம். "இன்னும் ரெண்டே குழி சார்" என்று கெஞ்சுகிற மெம்பருக்குக் கமிட்டி இளகக் கூடாது.

"கேடி"களை மறக்கலாமா?

கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் பட்டியலை நினைக்க வேண்டாம்! ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வருகிறவருக்குத்தான் கோல்பில் கேடி என்று பெயர்.

14 மட்டைகள் வரை உள்ள பை. 18 குழி சுற்றி வர சுமார் 8 முதல் 10 கிலோ மீட்டர் நடை. பந்து எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லாம் அவருக்குத்தான் தெரியும். தன் மெம்பர் எத்தனை அடி அடித்தார் என்பதும் அவருக்குத் தெரியும். கார்டில் என்ன எழுதினார் என்பதும் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்தால் நாளை வேலை இருக்குமா?

போட்டி நாளில் கேடி கூலியை முன்பே நிர்ணயித்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். யாருக்கு எந்தக் கேடி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். காலை டிபன், தண்ணீர், தொப்பி கொடுக்க வேண்டும். மேடையில் மைக் பிடிக்கும் முன் கூலியைக் கையில் கொடுத்து விட வேண்டும். "அப்புறம் வா" என்ற பேச்சே கூடாது.

அவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. இந்தியன் ஓப்பன் பட்டத்தை 1991, 1993 ஆண்டுகளில் வென்ற அலி ஷேர், கேடியாக இருந்து வந்தவர். 2016, 2017 ஆண்டுகளில் அதே பட்டத்தை வென்ற சவுராசியா, கல்கத்தா கிளப்பில் புல் தரையைப் பராமரித்தவரின் மகன். பை தூக்கும் கையில் மட்டையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவர்களே சாட்சி. அதனால்தான் ஆண்டுக்கு ஒரு நாள் கேடிகளுக்கென்றே போட்டி நடத்தும் கிளப்புகளும் இருக்கின்றன. அன்றைக்கு மெம்பர்கள் வேடிக்கை பார்க்கலாம். ஆட்டம் எப்படி என்று கற்றுக்கொள்ளவும் செய்யலாம்!

ஆக, மேடை ஜோடனையிலும் விருந்திலும் போட்டி ஜெயிப்பதில்லை. தோற்றவர் ஜெயித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். கேடி கூலியை எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் போட்டி வெற்றி!