வாப்பிச்சி மரிக்கார் கட்டிய இன்னொரு கட்டடம்

கொழும்பு தேசிய நூதனசாலையைக் கட்டியவர் ஒரு முஸ்லிம் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியும். 1877இல் அது திறக்கப்பட்டபோது, என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் வில்லியம் கிரகரி கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று மர்ஹூம் வாப்பிச்சி மரிக்கார் சொன்னாராம். இந்தக் கதையைப் பாடசாலை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம், நானே மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அதே மனிதர் கட்டிய கோட்டை பிரதான தபாலகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைப் பொறுத்தவரை பேசப்பட வேண்டியது அதுதான்.

ஜனாதிபதி மாவத்தையில், ஜனாதிபதி மாளிகைக்கு நேர் எதிரே நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தின் வேலை 1895இல் நிறைவடைந்தது. வரைபடம் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிரடெரிக் டொமலினுடையது. கட்டி முடித்தவர் ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரிக்கார். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர்தான், 1892இல், சித்திலெப்பையுடனும் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்திருந்த அராபி பாஷாவுடனும் சேர்ந்து மருதானையில் ஒரு பாடசாலை உருவாக அவர் உழைத்திருந்தார். இன்றைய ஸாஹிறாக் கல்லூரி அதுதான்.

கட்டடத்தின் முகப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்காலத்து ஆங்கிலேயர் அரச கட்டடங்களுக்கு விரும்பிய பழைய கிரேக்க, ரோமப் பாணி அது. தூண்கள், வளைவுகள், வீதியிலிருந்து ஏறிச் செல்லும் படிகள். ஆட்சியின் கம்பீரத்தைக் காட்டுவதற்காகக் கட்டியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் எவரும் போகலாம் என்பதுதான் விசேஷம். எதிரே இருந்த ஆளுநர் மாளிகைக்குள் நுழைய அழைப்பு வேண்டும். தபாலகத்துக்குள் நுழைய முத்திரைக்கான சில்லறை போதும். ஒரே வீதியில் முகத்துக்கு முகம் பார்த்தபடி அரசின் இரண்டு வாசல்கள், அவற்றில் ஒன்று நமக்கானது.

ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் நிற்கும் எட்வர்ட் பார்ன்ஸ் சிலையை வைத்துத்தான் கொழும்பிலிருந்து வெளியூர்களுக்கான தூரங்கள் அளக்கப்படுகின்றன. கண்டி வீதியில் எங்கள் ஊர்க் கிலோமீற்றர் கல்லில் உள்ள எண்ணும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாட்டின் தூரங்களும் கடிதங்களும் புறப்படும் இடங்கள் சில அடிகள் தள்ளி அருகருகே அமைந்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விடயம்.

1999இல், பத்தொன்பது வயதில், நான் அந்தப் படிகளில் ஏறினேன். ஒரு அரச பயிற்சிக்கான விண்ணப்பம். முடிவுத் திகதி மறுநாள். ஊரில் போட்டால் போய்ச் சேராது என்று வாப்பா என்னைக் காலை ரயிலில் கொழும்புக்குக் கூட்டிவந்தார். 1996 ஜனவரியில் இதே வீதியில் மத்திய வங்கிக்குக் குண்டு வைக்கப்பட்ட பின்னர் கோட்டைப் பகுதி முழுவதும் சோதனைச் சாவடிகள். எங்கள் அடையாள அட்டைகளை மூன்று இடங்களில் பார்த்தார்கள். பையைக் கிளறினார்கள். உள்ளே போனதும்தான் மூச்சு வந்தது. உயரமான கூரை, மரக் கருமபீடம், பசை மணம், முத்திரை குத்தும் சத்தம். தொழிலாளிகள், கோட் அணிந்தவர்கள், வெளிநாட்டில் இருக்கும் கணவருக்குக் கடிதம் போட வந்த ஒரு தாய், எல்லோரும் ஒரே வரிசையில்.

கருமபீடத்தில் இருந்தவர் கடித உறையில் இலக்கம் எழுதிய சீட்டை ஒட்டி, அதே இலக்கத்தில் ஒரு பற்றுச்சீட்டைத் தந்தார். பதிவுத் தபால் என்பது இவ்வளவுதான். கடிதம் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்த இலக்கம் பதியப்படும், கடைசியில் பெறுபவர் கையொப்பமிட வேண்டும். சில வாரங்களின் பின்னர் அந்த அலுவலகத்தில் விசாரித்தபோது உங்கள் விண்ணப்பம் கிடைக்கவே இல்லை என்றார்கள். வாப்பா பற்றுச்சீட்டை மேசையில் வைத்தார். அரை மணி நேரத்தில் விண்ணப்பம் ஒரு கோப்புக்குள்ளிருந்து வெளியே வந்தது. அவர் அதிகம் படித்தவர் அல்லர், யாரையும் தெரிந்தவரும் அல்லர். அன்று எங்களுக்கிருந்த ஒரே செல்வாக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான். பிறகு ஆசிரியர் கலாசாலைக்குப் போனதும், இன்று வகுப்பறையில் நிற்பதும் அதன் தொடர்ச்சி.

தபாலகத்தின் வேலை கடிதத்தோடு முடிவதில்லை. 1885இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கி, 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு சேரும்வரை சாதாரண மக்களின் சிறு பணத்தைக் காத்தது. தேர்தல் காலத்தில் வாக்காளர் அட்டை வீட்டுக்கு வருவது தபால்காரரின் கையால்தான். தேர்தல் கடமைக்குப் போகும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வாக்களிப்பதும் தபால் மூலம்தான். எல்லாம் தொலைபேசியில் வந்துவிட்டது, இனித் தபாலகம் எதற்கு என்று கேட்கும் இளம் ஆசிரியர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

2000ஆம் ஆண்டில் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பிரதான தபாலகம் அங்கிருந்து அகற்றப்பட்டது. தலைமையகம் இன்று டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இயங்குகிறது. அந்தக் காலத்தில் அந்த முடிவு பிழை என்று நான் சொல்லமாட்டேன், அந்த வீதியில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யுத்தம் 2009இல் முடிந்தது. 2024 ஆட்சி மாற்றத்தின் பின்னர் வீதியும் திறக்கப்பட்டது. தபாலகம் திரும்பி வரவில்லை.

அண்மையில் கல்விச் சுற்றுலாவில் மாணவர்களை அவ்வழியாக அழைத்துச் சென்றேன். அதுவும் ஜனாதிபதி மாளிகையின் ஒரு பகுதி என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தபாலகம் என்றதும், "அப்ப உள்ளுக்குப் போகலாமா சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் நாட்டில் உடனே வரும் யோசனை ஹோட்டல். 1894இல் கட்டப்பட்ட நுவரெலியாவின் செங்கல் தபாலகத்துக்கும் அந்த யோசனை வந்தது. 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் அதற்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைப் பலர் வெறும் தொழிற்சங்கப் பிரச்சினையாகவே பார்த்தார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அதே வாசலால்தான் தோட்டத் தொழிலாளியும் உள்ளே போகிறார். கோட்டையில் படம் எடுக்க மட்டுமே முடியும்.

வாப்பிச்சி மரிக்காரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதில் நம் சமூகம் குறை வைப்பதில்லை. அந்தப் பெருமையோடு ஒரு கோரிக்கையையும் நாம் சேர்க்கலாம். முழுத் தலைமையகமும் அங்கு திரும்ப வேண்டியதில்லை, அதற்கு இன்று இடவசதியும் போதாமல் இருக்கலாம். கீழ்த்தளத்தில் முத்திரை விற்கவும் பதிவுத் தபால் ஏற்கவும் ஒன்றிரண்டு கருமபீடங்கள் போதும். மேலே, இப்போது தலைமையகத்தில் இருக்கும் தபால் நூதனசாலையைக் கொண்டுவந்து வைக்கலாம். வாசலில் டொமலின், மரிக்கார் ஆகிய இரண்டு பெயர்களையும் மூன்று மொழிகளிலும் எழுதிய ஒரு பலகை. வெள்ளிக்கிழமை மூட வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஏனைய நாட்களைப் போல அன்றும் திறந்திருக்கட்டும்.