மூடிய முகம்

கிரேக்கரின் துன்பக் கதைகளுள் இளவரசி இபிஜீனியாவின் கதை நெஞ்சை உருக்குவது. மைக்கீனி நகர வேந்தனாகிய அகமெம்னனின் மகள் அவள். ட்ரோய் நகரின்மேற் படையெடுக்கக் கிரேக்கர் ஔலிஸ் துறையிலே திரண்டனர். காற்று வாய்க்கவில்லை, கப்பல்கள் நகரவில்லை. ஆர்த்தெமிஸ் தேவியின் சினமே இதற்குக் காரணம் என்றும், மன்னன் தன் மகளைப் பலியிட்டாலன்றி அச்சினம் தணியாது என்றும் குறி கூறுவோனாகிய கல்காஸ் உரைத்தான். வீரன் அக்கிலீசுக்கு மணமுடிப்பதாகப் பொய்யுரைத்து மகளை வரவழைத்தான் தந்தை. மணமேடையை எண்ணி வந்தவள் பலிபீடத்தைக் கண்டாள்.

இக்காட்சியை கி. மு. 400ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த திமாந்தெஸ் என்னும் ஓவியன் தீட்டினான். அவ்வோவியம் அழிந்துவிட்டது, எனினும் சிசெரோ, பிளினி முதலிய உரோம அறிஞர் அதன் சிறப்பை எழுதிவைத்துள்ளனர். சூழ நின்றோர் முகங்களிலெல்லாம் துயரை ஒன்றினும் ஒன்று மிகுதியாகக் காட்டிய ஓவியன், தந்தையின் முகத்தை மட்டும் ஆடையால் மூடிவிட்டானாம். அத்துயரைத் தூரிகையாற் காட்ட இயலாதென்பதாலேயே அவ்வாறு செய்தான் என்பது பழைய விளக்கம். பெருந்துயர் முகத்தின் எழிலைச் சிதைக்கும் என்பதாலேயே மறைத்தான் என்று செருமானிய அறிஞர் லெசிங் 1766இல் வேறு விளக்கம் தந்தார்.

கி. பி. 79இல் எரிமலைச் சாம்பலிற் புதைந்த பொம்பெயி நகரத்து வீடொன்றின் சுவரோவியத்திலும் இக்காட்சி உண்டு. இன்று அது நேப்பிள்ஸ் அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கிறது. இருவர் இளவரசியைத் தூக்கிவருகின்றனர். அவள் கைகளை விரித்து வானை நோக்குகிறாள். கல்காஸ் கையை வாயருகே வைத்துத் தயங்கி நிற்கிறான். ஒருபுறத்தே முகத்தை மூடிய தந்தை நிற்கிறான்.

அவ்வோவியத்தின் மேற்பகுதியில், வானிலே ஆர்த்தெமிஸ் தோன்றுகிறாள்; மானொன்றும் வருகிறது. இளவரசிக்குப் பதிலாக மானைப் பலியாக விடுத்து, தேவி அவளைத் தௌரி மக்களின் நாட்டுக்குக் கொண்டுசென்றாள் என்பது கதையின் ஒரு மரபு. அந்த மீட்சி ஓவியத்தைக் காண்போர்க்குத் தெரிகிறது. மகளுடைய சாவுக்கு இசைந்த தந்தைக்குத் தெரியவில்லை. தன் செயலைக் காண அஞ்சி மூடிய கண், மகள் பிழைத்ததையும் காணாது போயிற்று. இபிஜீனியாவின் கதையைக் கூறும் ஓவியங்களுள் அந்த மூடிய முகமே எல்லா முகங்களினும் மிகுதியாகப் பேசுகிறது.