மருந்துண்ணாத டால்பின்கள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்துக் கிழக்குக் கரையோரம் சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்தியன் ரிவர் உப்பங்கழியில் நிரந்தரவாசம் செய்யும் டால்பின்கள், தம் ஆயுளில் ஒரு மாத்திரையும் விழுங்கியறியாதவை. ஆயினும் அவற்றின் உடம்பில் குடியிருக்கும் கிருமிகளில் பலவோ, நம் ஆஸ்பத்திரிகளில் பிரயோகமாகும் ஔஷதங்களுக்கு அசைந்து கொடுக்காதவை.

2003 முதல் 2015 வரை, ஹார்பர் பிராஞ்ச் ஆராய்ச்சி நிலையத்தாரும் அவர்களுடைய சகாக்களும் 171 டால்பின்களை வலையால் வளைத்துப் பிடித்துப் பரிசோதித்து விடுவித்தார்கள். தலையுச்சியிலுள்ள மூச்சுத்துளை, பிராணி சுவாசிக்கும் ஒரு கணமே திறந்து மூடிக்கொள்வதாகையால், கிருமி மாதிரி எடுப்பதற்கு அந்தக் கணத்தில் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு, உட்சுவரில் மெல்லத் தடவி, அடுத்த மூச்சுக்கு அது திறக்கும் வரை பொறுத்திருந்தே வெளியே எடுக்க வேண்டும். மூச்சுத்துளை, இரைப்பை நீர், மலம் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த 733 கிருமி மாதிரிகளில் 88.2 சதவீதம், ஏதேனும் ஓர் ஆண்டிபயாடிக்கையாவது எதிர்த்து நின்றன.

இந்தத் தொகையைக் கண்டு உடனே மலைத்துவிடவும் கூடாது. எரித்ரோமைசினுக்கான எதிர்ப்பே மிக அதிகமாக இருந்தது என்பது உண்மையே. ஆனால் அந்த மருந்து பலவகைக் கிருமிகளிடம் சுபாவமாகவே செல்லுபடியாகாதது. என் மனத்தை உறுத்துவது சிப்ரோஃப்ளாக்சசின் சமாசாரம். இயற்கையில் எங்கும் விளையாமல் ரசாயனசாலையிலே பிறந்து, 1980-களில் கடைக்கு வந்த அந்த மருந்தை எதிர்க்கும் சக்தி, இந்த டால்பின்களின் இ-கோலி கிருமிகளிடையே, 2003-07 காலத்தைவிட 2010-15 காலத்தில் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசினில் ஏறக்குறையப் பாதி, உருமாறாமலே சிறுநீரில் கழிந்துவிடுகிறது. கரையோர வீடுகளின் செப்டிக் டேங்குகளிலிருந்து மணற்பாங்கான பூமி வழியே கசியும் கழிவு, கடலோடு சில குறுகிய வாய்களால் மட்டும் தொடர்புள்ள இக்கழியில் சுலபமாக வெளியேறாமல் தேங்குகிறது. மருந்துக்குத் தப்பிய கிருமிகளும் தம் எதிர்ப்பு மரபணுக்களை இனம் பாராது அண்டைக் கிருமிகளுக்குத் தானம் செய்கின்றன.

டால்பின்களிடம் அகப்பட்ட மற்றொரு கிருமி விப்ரியோ அல்ஜினோலிட்டிகஸ். உப்புநீரில் இயல்பாக வாழும் இது, நீந்துபவரின் காதிலும் ஆறாத காயத்திலும் புகுந்து சீழ் வைக்கக் கூடியது. அந்தக் கழியிலோ வருஷம் முழுவதும் ஜனங்கள் நீந்துகிறார்கள், மீனும் பிடிக்கிறார்கள்.