மூலையில் உட்கார்ந்திருக்கும் மூவர்

நானும் செப்புத் தகட்டில் கோடு வெட்டுகிறவன்தான். அதனால் ‘பாரிஸின் தீர்ப்பு’ அச்சுப்படத்தைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது கதைக்கு அல்ல, அதீனாவின் முதுகுக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்குத் தன்னை அழைக்காத கோபத்தில், கிரேக்கர்களின் சச்சரவுத் தேவி எரிஸ், பேரழகிக்கு என்று எழுதிய தங்க ஆப்பிளை விருந்தில் உருட்டிவிட்டாள். ஹீரா, அதீனா, அஃப்ரோடைட் என்ற மூன்று தேவியரும் எனக்குத்தான் என்றார்கள். பஞ்சாயத்து, மந்தை மேய்த்துக்கொண்டிருந்த டிராய் இளவரசன் பாரிஸிடம் வந்தது. பேரழகி ஹெலனைத் தருவதாகச் சொன்ன அஃப்ரோடைட்டுக்குப் பழம் போனது. அந்த ஹெலனால் மூண்ட போரில் டிராய்க்கு அழிவு வந்தது.

இந்த அச்சுப்படத்தை 1510க்கும் 1520க்கும் இடையில் ரோமில் செதுக்கியவர் மார்க்கன்டோனியோ ரைமோண்டி. வரைந்து கொடுத்தவர் ஓவியர் ரஃபேல். ஓவியமாகத் தீட்ட அல்ல, அச்சுக்கென்றே வரைந்தது.

அதீனா நமக்கு முதுகு காட்டி, உடையைத் தலைவழியே கழற்றுகிறாள். அந்த முதுகை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிழல் எல்லாம் வளைகோடுகள்தான். உளி ஆழ இறங்கிய இடத்தில் கோடு தடிக்கும், எழும்பும்போது மயிரிழையாக மெலியும். வளைவு வரும்போது உளியைத் திருப்பமாட்டோம். தகட்டைத்தான் மறு கையால் திருப்புவோம். ரைமோண்டி போலோஞாவில் பொற்கொல்லரும் ஓவியருமான பிரான்செஸ்கோ பிரான்சியாவிடம் தொழில் பழகியவர். அந்தக் கைப்பழக்கம் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது. வெட்டி முடித்த தகட்டில் மை பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்தினால் அது இடவலம் மாறி ஏறும்.

வலது கீழ் மூலையில் தீர்ப்பைப் பற்றிக் கவலையே இல்லாத மூவர்: இரண்டு நதி தேவர்கள், ஒரு நீரணங்கு. அவள் மட்டும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். 1863இல் பாரிஸ் நகரில் ஓவியர் மனே இந்த மூவரையே ‘புல்வெளியில் மதிய உணவு’ ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆண்களுக்குக் கோட்டு மாட்டினார். பெண்ணை நிர்வாணமாகவே விட்டார். நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சியில் அது மாட்டப்பட்டதும் ஊரே கொதித்தது. தேவர்கள் என்றால் பொறுத்துக்கொள்வார்கள், கோட்டு போட்டால் ஆபாசமாம்! மறு ஆண்டு எர்னஸ்ட் செஸ்னோ என்ற விமர்சகர் மூலத்தைக் கண்டு சொன்னார்.

பிறர் படத்தை எடுத்துக்கொள்வதில் ரைமோண்டியும் சளைத்தவர் அல்ல. ஜெர்மன் ஓவியர் டூரரின் மரச்செதுக்குப் படங்களை அவருடைய முத்திரை எழுத்து உட்பட அப்படியே செம்பில் வெட்டியவர். டூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டதாகவும், முத்திரையை மட்டும் போடக் கூடாது என்று உத்தரவானதாகவும் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். ‘பாரிஸின் தீர்ப்பு’ தகட்டிலோ, கற்பனை ரஃபேலுடையது என்று அவரே வெட்டி வைத்திருக்கிறார்.